மீனுக்கு எந்தக் கால்?

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி ஆபீஸில் கேட்டார்கள். நல்ல வார்த்தை என்னிடம் இல்லை. ஒரு மீன் இருக்கிறது. அதைத் தருகிறேன்.

முதலில் நம் வேலை என்னவென்று பேசிவிடுவோம். நீங்கள் வீட்டில் ‘கன்டென்ட்’ என்று சொல்லியிருப்பீர்கள். என் காலத்தில் அதற்கு அவ்வளவு பெரிய பெயர் கிடையாது. பள்ளிக்கூட நோட்டின் பின்னட்டையில், வாய்ப்பாட்டுக்குக் கீழே, ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்துக்குள் நான் இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்தேன். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், வெள்ளிக் கிரகத்தில் ஒரு நாள் ஒரு வருஷத்தைவிட நீளம், தாவர சாஸ்திரப்படி வாழைப்பழம் ஒரு பெர்ரி என்றெல்லாம் குழந்தைகளுக்குச் சொல்லிவந்தது நான்தான். நீங்கள் கல்கத்தா நியூ டவுனில் பதினோராவது மாடியில் உட்கார்ந்து அதையே போனுக்குச் செய்கிறீர்கள். கட்டம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் பத்தாவது வரை படித்தவன். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் இடத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராகு காலமும் எமகண்டமும் இடம் மாறிப் போகாமல் காவல் காப்பது என் வேலை. அப்போது கல்கத்தாவில் நோட்டுப் போடுகிற இந்தக் கம்பெனிக்குத் தெற்கே விற்க வேண்டும் என்று ஆசை வந்தது. தமிழ் தெரிந்த ஆள் தேடினார்கள். நான் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினேன். சிவகாசியிலிருந்து நோட்டு அட்டை எழுதுவதற்காக வெளியூர் போனவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேண்டுமானால் இதையும் ஒரு கட்டத்தில் போட்டுக்கொள்ளுங்கள். யாரும் சரிபார்க்கப் போவதில்லை.

சால்ட் லேக்கில் ஆபீஸ். மூன்று மேஜை: வங்காளம், இந்தி, தமிழ். வங்காள மேஜையில் இருந்த அம்மாவை எல்லோரும் ‘திதி’ என்பார்கள். அக்கா என்று அர்த்தம். எனக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த அன்று காலையில் யாரோ “திதி ஆஜ் தேரி”, அதாவது அக்கா இன்று தாமதம், என்றார்கள். யார் வீட்டில் திதி, எத்தனை மணிக்கு, நாமும் போக வேண்டுமா என்று நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தரை மணிக்குத் திதியே நடந்து வந்தார். கையில் டிபன் டப்பா.

காதால் கேட்டதை வைத்து முடிவுக்கு வரும் என் பழக்கம் அன்றே ஆபீஸுக்குத் தெரிந்துபோயிற்று. எனக்குத்தான் தெரியவில்லை.

வேலை இப்படி நடக்கும். திதி தடித்தடிப் புத்தகங்களிலிருந்து விஷயங்களைப் பொறுக்கி, புதன்கிழமைதோறும் வங்காளத்தில் சத்தமாக வாசிப்பார். நானும் இந்தி மேஜைக்காரரும் கேட்டு எழுதிக்கொள்வோம். சந்தேகம் இருந்தால் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்க்கலாம். புத்தகங்கள் இங்கிலீஷில் இருந்தன. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது என்று சொல்வதைவிட எனக்குச் சந்தேகமே வராது என்று காட்டிக்கொள்வது கௌரவமாக இருந்தது.

என் வங்காளம் மீன் சந்தையில் கற்றது. அங்கே எந்த மீனும் ‘மாச்’தான். ருய் மாச், கத்லா மாச், இலிஷ் மாச். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அந்தச் சந்தையில் நின்றால் வங்காளத்தில் மாச் தவிர வேறு சொல்லே இல்லையோ என்று தோன்றும்.

ஒரு புதன்கிழமை திதி வாசித்தார்: “மாச்சி பா தியே ஷாத் நேய்.”

பா என்றால் கால். ஷாத் என்றால் ருசி. மாச்சி? மாச் தெரியும். அதைக் கொஞ்சம் செல்லமாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நாமும் மீனை மீனு என்பதில்லையா? எழுதினேன்: ‘மீன் தன் கால்களால் ருசி அறிகிறது.’

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் எழுதும்போது எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள், ஏனென்றால் நாளைக்கு உங்களுக்கும் உறைக்காது. அதே வாரத்தில்தான் வாம்பேட் என்ற மிருகம் சதுரக் கட்டியாகச் சாணம் போடும் என்று எழுதியிருந்தேன். அது சத்தியமான உண்மை. சரஸ்வதி படம் போட்ட நோட்டில் சாணமா என்று முதலாளி அதை எடுத்துவிட்டார். மூன்று இதயம், சதுரச் சாணம் என்று தினமும் பார்க்கிறவனுக்கு மீனின் கால் ஒரு பெரிய விஷயமா? மற்றத் தொழிலில் ‘இது நம்பும்படியாக இல்லையே’ என்றால் நிறுத்திவிடுவார்கள். நம் தொழிலில் அதைத்தான் முதல் கட்டத்தில் போடுவார்கள்.

நோட்டு அச்சாகித் தெற்கே போயிற்று. ஒரு பள்ளிக்கூட வருஷம் முழுக்க மீன் காலோடு நடந்தது. ஆசிரியர்கள், பெற்றோர்கள், கடைக்காரர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு தபால் கார்டு வந்தது. தென்காசிப் பக்கத்துப் பையன் ஒருவன் பென்சிலில் எழுதியிருந்தான். ‘மதிப்பிற்குரிய ஐயா, மீன் ருசி பார்ப்பது முன்னங்காலாலா, பின்னங்காலாலா?’

அருமையான கேள்வி. அந்தக் கேள்வியிலேயே நான் விழித்திருக்க வேண்டும். கார்டை இரண்டு முறை படித்தேன். யோசித்தேன். வாய் முன்பக்கம்தானே இருக்கிறது? அதனால் பதில் போட்டேன்: ‘அன்புள்ள மாணவனுக்கு, முன்னங்காலால். நன்கு படிக்கவும்.’

இப்போது நீங்கள் கம்ப்யூட்டரிடம் கேட்கிறீர்கள். தயங்காமல் பதில் சொல்கிறது, மரியாதையாகச் சொல்கிறது என்று பெருமைப்படுகிறீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

இனி என் மகள் விஷயம். பெயர் கயல்விழி. கயல் என்றால் மீன்தான், ஆகவே எங்கள் வீட்டில் மீனுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. அப்போது அவளுக்குப் பத்து வயது. உலகத்தில் எல்லாம் தெரிந்த ஆள் ஒருவர் உண்டு, அவர் தினமும் சாயங்காலம் மினி பஸ்ஸில் வீட்டுக்கு வருவார் என்பது அவள் நம்பிக்கை. நான் எழுதிய பின்னட்டைகளைக் கத்தரித்து ஒரு பைண்டு நோட்டில் ஒட்டி வைத்திருந்தாள். வேறு எந்தப் பரீட்சையிலும் தேறாத எனக்கு அந்த ஒரு நோட்டுதான் சான்றிதழ். அது போய்விடக் கூடாது என்பதுதான் அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே கவலை. மற்ற கவலைகளை மனைவி பார்த்துக்கொண்டாள்.

டாலிகஞ்சில் ஒரு தமிழ் அமைப்பின் மண்டபத்தில் குழந்தைகளுக்கு வினாடி வினா வைத்தார்கள். பரிசுக்கு எங்கள் கம்பெனி நோட்டுகள். அதனால் முதலாளிக்கு மேடையில் நாற்காலி. அவருக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. தமிழ் மேஜையை வைத்துக்கொள்வதா, மூடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. தமிழர்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்க வந்திருந்தார். துணைக்குத் திதி.

கேள்வி கேட்டவர் ஒரு வங்கி அதிகாரி. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம். வேலைப் பளு உள்ளவர், ஆகவே கேள்விகளுக்கு எங்கும் அலையவில்லை. எங்கள் நோட்டுகளின் பின்னட்டையைப் பார்த்தே எழுதிவிட்டார். கேள்வியும் அதில், பதிலும் அதில், பரிசும் அதுவே.

கடைசியில் இரண்டு பேர் சமமாக நின்றார்கள். ஒருத்தி கயல். மற்றவள் நந்தினி என்ற பெண், கயலின் வயதுதான். அவள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கல்கத்தா. வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளம், இரண்டுக்கும் நடுவில் நிலைப்படியில் அவள் நின்றாள். கோப்பைக்கு ஒரே ஒரு கேள்வி.

அதிகாரி கார்டை எடுத்தார். “காலால் ருசி பார்க்கும் உயிரினம் எது?”

நந்தினி முதலில் மணியை அடித்தாள். “மாச்சி!”

அதிகாரி கார்டைப் பார்த்தார். அவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தைக்குப் போகிறவர் போலிருக்கிறது. “மாச்... மீன். சபாஷ், சரியான விடை!”

கைதட்டல். முதலாளியும் தட்டினார்.

நந்தினி உட்காரவில்லை. “மீன் இல்ல அங்கிள். மாச்சி.”

“அதாம்மா. மீன்.”

“மீன்னா மாச். நான் சொல்றது மாச்சி. அது... தமிழ்ல வரல அங்கிள். பறக்கும்ல? மிட்டாய்க் கடையில சந்தேஷ் மேல வந்து உக்காரும்ல? இப்படி இப்படிக் கையைத் தேய்க்கும்ல?” இரண்டு கையையும் தேய்த்துக் காட்டினாள்.

மண்டபமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சந்தேஷ் மேல் உட்காருவது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தமிழில் அதற்கு ஒரே எழுத்து. அந்தப் பெண்ணுக்கு அந்த ஒரு எழுத்து அன்று வாயில் வரவில்லை. எனக்கு அதற்கு முந்தைய வருஷம் ஒரு புதன்கிழமை காதில் விழவில்லை.

அதிகாரி மறுபடி கார்டைப் பார்த்தார். “பறக்கிறதா? அப்ப தப்பும்மா. உக்காரு. அடுத்தது கயல்விழி?”

“மீன்!” என்றாள் என் மகள், குரல் கணீரென்று.

“சரியான விடை!”

யோசித்துப் பாருங்கள். சரியான பதிலைச் சொன்ன பெண்ணுக்கு, அது தப்பாகப் புரிந்தவரை கைதட்டல். சரியாகப் புரிந்ததும் “உக்காரு.”

நந்தினி உட்காராமல் நேராகக் கேட்டாள்: “மீனுக்குக் கால் ஏது அங்கிள்?”

அதிகாரி எங்கள் நோட்டைத் தூக்கிக் காட்டினார். “அச்சுல இருக்கு பாரும்மா. அச்சுல வந்தப்புறம் பேச்சு கிடையாது.”

அப்போது கயல் மைக்கைப் பிடித்தாள். “அதை எழுதினது எங்க அப்பாதான். அதோ, நாலாவது வரிசை. அவரைக் கேளுங்க.”

எல்லாத் தலையும் திரும்பிற்று.

எனக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. ஒன்று, சும்மா தலையாட்டுவது. கோப்பை வீட்டுக்கு வரும். மேஜை தப்பிக்கும். முதலாளிக்குத் தமிழ் தெரியாது என்பது எவ்வளவு பெரிய பாக்கியம்! இரண்டு, கூட்டம் பார்த்துக்கொள்ளட்டும் என்று மோட்டுவளையைப் பார்ப்பது. மூன்றாவது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. “சில மீன்களுக்கு உண்டு.”

இந்த ‘சில’வை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ‘சில’, ‘கூறப்படுகிறது’, ‘விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்’ எல்லாம் நம் தொழிலின் பின்கதவுகள். எந்தச் சில, யார் கூறினார், எந்த விஞ்ஞானி என்று எவரும் கேட்பதில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நான் வெளியே போயிருக்கலாம்.

கயல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தோடு பார்த்திருந்தால் ‘சில’ என்றிருப்பேன். அவளிடம் பயமே இல்லை. அப்பா சொல்வார், சொன்னால் அது சரியாக இருக்கும், அவ்வளவுதான் என்று நின்றாள். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல நான் ஒன்றும் அவ்வளவு படித்தவன் இல்லை.

எழுந்தேன். ஒரே எழுத்துதான் வந்தது.

“ஈ.”

அதிகாரி மைக்கில் கேட்டார்: “ஏன் சார் ஈன்னு இளிக்கறீங்க? கேள்விக்குப் பதில் சொல்லுங்க.”

“இளிக்கல சார். பதில்தான் சொன்னேன். ஈ. ஈதான் காலால் ருசி பார்க்கும். மாச்சின்னா ஈ. அந்தப் பொண்ணு சொன்னது சரி. நான் எழுதினதுதான் தப்பு. மீனுக்குக் கால் கிடையாது.”

முதலாளி திதியின் பக்கம் சாய்ந்து “கீ போல்ச்சே?” என்றார். என்ன சொல்கிறான்? திதி மொழிபெயர்த்தார். நடுவில் அவருக்கே சிரிப்பு வந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். முதலாளி சிரிக்கவில்லை.

கோப்பை நந்தினிக்குப் போயிற்று. கயலுக்கு இரண்டாம் பரிசாக ஒரு டஜன் நோட்டு. பின்னட்டையில் மீன்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஸ்டேஷன்கள் போய்க்கொண்டே இருந்தன. தோற்றதற்காக அழுகிறாள் என்று நினைத்து, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஏதோ ஆரம்பித்தேன். அவள் அதற்கு அழவில்லை.

“அப்பா, மத்ததெல்லாம்?”

“எதும்மா?”

“ஆக்டோபஸுக்கு மூணு இதயம். வெள்ளியில நாள் பெரிசு. என் நோட்டுல இருக்கறதெல்லாம். அதெல்லாம் நிஜமா?”

நிஜம் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு எப்படித் தெரியும்? திதி வாசித்தார், நான் கேட்டேன். வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது. கடைசி ஸ்டேஷன் தம்தம்மில் இறங்கினோம்.

“பார்த்துவிட்டுச் சொல்றேன்” என்றேன்.

இந்தத் தொழிலுக்கு வந்து மூன்று வருஷம் கழித்து அந்த வாக்கியத்தை முதன்முதலாக அன்றுதான் சொன்னேன். நீங்கள் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டாம். இலவசமாகத் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்று ராத்திரி அவளே அந்த பைண்டு நோட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். பார்த்து முடித்தவற்றுக்குப் பக்கத்தில் டிக் போட வேண்டும் என்று சிவப்புப் பேனாவும் கூடவே.

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டார். திதியும் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

“எத்தனை புகார் வந்தது?” என்றார் முதலாளி.

“புகார் இல்லை. ஒரு கார்டு. எந்தக் கால் என்று கேட்டு.”

“நீ என்ன சொன்னாய்?”

சொன்னேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “ஆக ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு எதற்கு மண்டபத்தில் எழுந்து சொன்னாய்?”

எனக்காகத் திதி சொன்னார்: “அவர் பெண் கேட்டாள்.”

முதலாளிக்கும் பெண் உண்டு. மேஜையை மூடவில்லை. ஆனால் திருத்தம் போடக் கூடாது, கம்பெனி தப்பு செய்யாது என்றார். வெகுநேரம் வாதாடிய பிறகு ஒரு வழி பிறந்தது. அடுத்த வருஷ நோட்டில் புதிய கட்டம் வந்தது: ‘உங்களுக்குத் தெரியுமா? மீனுக்குக் கால் கிடையாது.’ தமிழ்நாட்டுக் குழந்தைகள் அதைப் படித்து எவ்வளவு ஆச்சரியப்பட்டார்கள் என்பது தெரியவில்லை. தென்காசிப் பையனுக்கு மட்டும் தனியாகக் கார்டு போட்டேன். முன்னங்காலும் கிடையாது என்று.

அதன் பிறகு புதன்கிழமைகளில் திதி வாசித்து முடித்ததும் நான் போய் அவர் மேஜையிலிருந்து புத்தகத்தை எடுத்துவருவேன். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வரிக்கு அரை மணி நேரம். “மெட்ராஸ்பாபு, என் மேல் நம்பிக்கை இல்லையா?” என்பார். “உங்கள் மேல் இருக்கிறது திதி. என் காது மேல்தான் இல்லை” என்பேன். கயலின் நோட்டில் கடைசி டிக் விழ ஒன்றரை வருஷம் ஆயிற்று. மீனைத் தவிர இன்னும் நாலு தேறவில்லை. அவை என்னவென்று கேட்காதீர்கள். உங்களில் சிலர் அதைப் படித்து வளர்ந்திருக்கலாம்.

இத்தோடு முடித்திருப்பேன். போன மாதம் கயல் ஒரு வீடியோ அனுப்பினாள். இப்போது அவளுக்கு முப்பது. சால்ட் லேக் செக்டர் ஃபைவில் வேலை. மீன் பக்கம் திரும்பாத வேலை. வீடியோவில் கடலடி மணலில் ஒரு மீன் நடந்து போகிறது. சொல்லுக்காகச் சொல்லவில்லை, நடந்தே போகிறது. ஆறு கால். மணலுக்குள் புதைந்திருக்கும் இரையை அந்தக் கால்களாலேயே ருசி பார்த்துத் தோண்டி எடுக்கிறது.

போன் அடித்தது.

“பாத்தீங்களாப்பா?”

“இது எங்கே வந்தது? யார் சொன்னது?”

“கேப்பீங்கன்னு தெரியும். மூணு இடத்துல பாத்துட்டுத்தான் அனுப்பினேன். நிஜம்.”

தப்பாக எழுதியது சரியாகிவிட்டது. திருத்தி எழுதியது தப்பாகிவிட்டது. நாக்கு நுனியில் நின்ற அந்தச் ‘சில’கூட உண்மை.

“எந்தக் கால்?” என்றேன்.

“முன்னாடிதான்ப்பா. மார்புத் துடுப்புலேர்ந்து பிரிஞ்சு வருது.”

தென்காசிப் பையனுக்கு இப்போது முப்பது தாண்டியிருக்கும். மூன்றாவது கார்டு போடும் தைரியம் எனக்கில்லை.

“அப்ப கோப்பை எனக்குத்தானே?” என்று கயல் சிரித்தாள். “நந்தினிக்கு உடனே போன் பண்ணிட்டேன். கோப்பையைக் கொண்டுவந்து குடுடீன்னு.”

“என்ன சொன்னா?”

“‘உங்க அப்பா எழுதினப்ப அந்த மீனுக்குக் கால் கிடையாதுடி’ன்னு சொல்லிட்டு வெச்சுட்டா.”

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பார்த்துவிட்டேன். அன்று நான் எழுதியது ஒரு மீனைப் பார்த்து அல்ல, ஈயைத் தப்பாகக் கேட்டு. நந்தினி சொன்னது சரி.